நோட்டரி சீல் வாங்கியாச்சு, அப்புறம் என்ன?

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "நோட்டரி சீல் இருப்பதால் பத்திரத்தில் எழுதியதெல்லாம் உண்மை ஆகிவிடாது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க நோட்டரிதான்.

சார், கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் கடையிலேயே அஃபிடவிட் தயார் செய்து கொடுத்தார்கள். "நீங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பையன் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிஷத்தில் சீலோடு வந்தான். நோட்டரி எப்படி இருப்பார் என்றே எனக்குத் தெரியாது. இது செல்லுமா? – தாராபுரம் வாசகர்

யாரும் எதிர்த்துக் கேட்காத வரைக்கும் செல்லும். கேட்கிற நாளில் காலை வாரிவிடும்.

நோட்டரி அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது சொல்வது கொஞ்சம்தான். இந்த ஆள் என் முன்னால் வந்தார், இவர் இன்னார் என்று பார்த்துக்கொண்டேன், என் கண்ணெதிரில் கையெழுத்துப் போட்டார், உறுதிமொழி சொன்னார். அவ்வளவே. தாளில் என்ன எழுதியிருக்கிறது, அது நிஜமா பொய்யா என்று தோண்டுவது அவர் வேலை இல்லை. திருமலை நாயக்கர் மகால் என் பாட்டன் சொத்து என்று நீங்கள் எழுதிக்கொண்டு போய்ச் சத்தியம் செய்தாலும், சத்தியம் செய்தது நீங்கள்தான் என்பதற்கு மட்டுமே அவர் சாட்சி; பொய்ச் சத்தியத்துக்கான பலனை நீங்கள் தனியாக அனுபவிக்க வேண்டியதுதான். ஆக, அவர் சாட்சி சொல்லும் ஒரே விஷயம் நீங்கள் நேரில் வந்தது, அதுவே நடக்கவில்லை என்றால் அந்தச் சீலுக்கும் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பிள்ளையார் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

நான் ஜூனியராக இருந்தபோது ஒரு வழக்கில் நோட்டரியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நல்ல மனிதர், வயதானவர், எல்லோரும் மரியாதை வைத்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடவில்லை, சட்டம் பேசவில்லை, "ஐயா, உங்க ரெஜிஸ்டரைக் கொஞ்சம் காட்டுங்க" என்று மட்டும் கேட்டார். ரெஜிஸ்டரில் அந்த வரிசை எண் இருந்தது, தேதி இருந்தது, ஆள் பெயர்கூட இருந்தது, கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் மட்டும் காலி. அதற்கப்புறம் அந்தப் பத்திரத்தைப் பற்றி நீதிமன்றத்தில் யாரும் பேசவில்லை.

இதனால்தான் நான் என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்வது: சீலைப் பார்க்காதீர்கள், ரெஜிஸ்டரைக் கேளுங்கள். 1956-ஆம் வருஷத்து நோட்டரி விதிகள்படி ஒவ்வொரு நோட்டரியும் குறிப்பிட்ட படிவத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், அதில் என்ன ஆவணம், யார், எந்த விலாசம், எவ்வளவு கட்டணம் என்று எழுதி, வந்த ஆளின் கையெழுத்தும் வாங்க வேண்டும். அந்த எண்தான் உங்கள் தாளிலும் ஏறும். ரெஜிஸ்டரில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால் நீங்கள் நோட்டரி வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்கு ரசீதும் கொடுக்க வேண்டும். இதுவும் விதியில் இருக்கிறது. நான் கேட்டு வாங்கிய நாட்களில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

நோட்டரி என்பவர் வக்கீல்தானே, அவரை வக்கீல் சங்கம்தான் கேட்க முடியுமா, அரசாங்கம் கேட்க முடியுமா? ஒருவர் மேல் புகார் கொடுக்க வேண்டும், எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. – திருநெல்வேலி வாசகர்

நோட்டரியை நியமிப்பது அரசாங்கம். நீக்குவதும் அதுவே. 1952-இல் வந்த நோட்டரிகள் சட்டம், 1956 பிப்ரவரி 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். மாநிலம் நியமித்தவர் அந்த மாநிலத்துக்குள்ளோ அதில் ஒரு பகுதிக்குள்ளோ மட்டும்தான் வேலை செய்ய முடியும். உங்கள் ஆளை யார் நியமித்தார் என்று அலைய வேண்டாம், சீலையே பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாக இருக்க வேண்டும், அதில் அவர் பெயர், எந்தப் பகுதிக்கு நோட்டரி, பதிவு எண், நியமித்த அரசாங்கம் எது என்று எல்லாம் இருக்க வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் அங்கேயே சந்தேகப்படலாம். சான்றிதழ் ஐந்து வருஷத்துக்குத்தான், புதுப்பிக்கவில்லை என்றால் அவர் போடும் சீலுக்கு மதிப்பில்லை. நோட்டரியே இல்லாத ஆள் நோட்டரி என்று சொல்லிக்கொண்டால் ஒரு வருஷம் வரை சிறை.

புகாரை நியமித்த அரசாங்கத்துக்கே அனுப்ப வேண்டும், அதற்கு விதிகளில் 13-ஆம் படிவம் என்று ஒன்று இருக்கிறது. விசாரணை நடக்கும், அவர் பதில் சொல்வார், குற்றம் நிரூபணமானால் எச்சரித்து விடலாம், கொஞ்ச காலத்துக்குச் சான்றிதழை முடக்கலாம், நிரந்தரமாகவும் தடை செய்யலாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், நோட்டரி வேலையாகச் செய்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் இந்தச் சட்டத்தின்படி குற்ற வழக்கு என்று நீங்கள் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் கையில் எடுக்கும். 13-ஆம் பிரிவு. பாதுகாப்புக்கென்று வைத்தது. சில சமயம் ஒளிந்துகொள்ளவும் உதவுகிறது.

காகிதத்தில் பார்த்தால் கண்காணிப்புக்குக் குறைச்சலே இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் போன வருஷம் செய்த வேலைக்கெல்லாம் கணக்கு அனுப்ப வேண்டும், மாவட்ட நீதிபதி வந்து ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்கலாம், வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கு மேல் போய்விடுமோ என்று 1956-இல் யாரோ கவலைப்பட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த நோட்டரிகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை வந்தாலே அது செய்தி. கட்டணப் பட்டியலை அறைக்கு உள்ளேயும் வெளியேயும் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. உங்கள் ஊர் நோட்டரி வாசலில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து எழுதுங்கள்.

உயிலை நோட்டரியிடம் கொடுத்துச் சீல் வாங்கினால்தான் செல்லும் என்று தம்பி சொல்கிறான். – ஈரோடு வாசகி

தேவையில்லை அம்மா. இரண்டு சாட்சி, அவர்கள் உங்கள் கையெழுத்தைப் பார்த்திருக்க வேண்டும், உங்கள் முன்னால் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வதும் உங்கள் விருப்பம்தான். ஆனால் செலவழிக்க மனசிருந்தால் அந்தப் பணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் செலவழியுங்கள். நோட்டரி சீல் சாட்சிகளுக்கு மாற்று ஆகாது. தம்பிக்குச் சொல்லுங்கள்.

ஐயா, என் அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசி 100 ரூபாய் பத்திரத்தில் இரண்டு பேரும் பிரிந்துகொள்கிறோம் என்று எழுதி நோட்டரி சீல் வாங்கினார்கள். இப்போது அக்காவுக்கு வேறு வரன் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. – திண்டுக்கல் வாசகி

பயப்பட வேண்டியதுதான். நல்லவேளை, முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் கேட்டீர்கள்.

நோட்டரி யாருக்கும் கல்யாணம் செய்து வைக்கவும் முடியாது, பிரித்து வைக்கவும் முடியாது. சட்டத்தின் 8-ஆவது பிரிவு அவர் என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது: ஆவணத்துக்குச் சான்று, பிரமாணம், மொழிபெயர்ப்பு, பணம் வராத உண்டியலையும் (அதாவது மாற்றுச்சீட்டையும்) பிராமிசரி நோட்டையும் குறித்து வைப்பது, கப்பல் சேதத்துக்கு முறையீடு பதிவது என்று என்னென்னவோ இருக்கிறது. கப்பல் வரைக்கும் போனவர்கள் கல்யாணத்தைச் சேர்க்கவில்லை. ஆனாலும் நாடு பூராவும் இந்த வியாபாரம் நடக்கிறது, சில உயர்நீதிமன்றங்கள் கண்டித்த பிறகு 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகமே, கல்யாணப் பத்திரமும் விவாகரத்துப் பத்திரமும் போடும் நோட்டரிகள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று சுற்றறிக்கை விட்டது.

உங்கள் அக்கா விஷயத்துக்கு வருவோம். இந்துத் திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்துப் பிரிவது என்றால் குடும்ப நீதிமன்றத்தில் 13-பி மனு, அதுதான் வழி. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துவிடும் முறை உண்டு, 29(2) பிரிவு அதை விட்டு வைத்திருக்கிறது, ஆனால் "எங்கள் சாதியில் இப்படி ஒரு வழக்கம் பழங்காலம் தொட்டு இருக்கிறது" என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாரம் சொல்கிற ஆள் தலையில்தான், அது சாமானியமாக நிற்பதில்லை. இந்தப் பத்திரத்தை நம்பி அக்கா மறுமணம் செய்தால், மாமா நாளைக்கே மனசு மாறி ஒரு புகார் கொடுத்தால் போதும், இரண்டாவது கல்யாணம் செல்லாது என்று ஆகி, முதல் கல்யாணம் இருக்கும்போதே இன்னொன்று செய்த குற்றமும் சேர்ந்து வரும். அந்தப் பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எந்தத் தேதியிலிருந்து தனித்தனியாக இருக்கிறார்கள் என்று காட்ட உதவும், வக்கீலிடம் கொடுங்கள். வரன் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். காத்திருக்க மாட்டேன் என்கிற வரன் போகட்டும்.

ஒரு சந்தேகம் இதோடு சேர்ந்து வரும், "அப்போ சுயமரியாதைக் கல்யாணம் வக்கீல் முன்னால் நடக்கிறதே?" என்று. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி உறவினர், நண்பர், வேறு யாராவது முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்துகொள்ளலாம். 2023-இல் உச்ச நீதிமன்றம், வக்கீலும் ஒரு நண்பர் என்கிற முறையில் அங்கே இருக்கலாம், தொழில்முறையில் இல்லை என்று சொன்னது. அங்கே கல்யாணத்தைச் செல்லுபடியாக்குவது மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வது. சீல் எங்கேயும் வரவில்லை.

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். திருச்சியில் ஒரு மனையை விற்க அண்ணனுக்குப் பவர் கொடுக்க வேண்டும். இங்கே வங்கியில் இருக்கும் நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமா? ஊரில் இருக்கிறவர்கள் அங்கே நோட்டரி போட்ட பவர் செல்லாது என்கிறார்கள். – ஒரு வாசகர்

ஊர்க்காரர்கள் சொல்வது ஊரில் இருக்கிறவர்களுக்குப் பொருந்தும். பதிவுச் சட்டம் 33-ஆவது பிரிவில் ஆளை வைத்து முறை பிரித்திருக்கிறார்கள். கொடுக்கிறவர் இந்தியாவில் குடியிருந்தால் சார்பதிவாளர் முன்னால்தான் பவர் எழுத வேண்டும், தமிழ்நாட்டில் அசையாச் சொத்துக்கான பவரைப் பதிவும் செய்தாக வேண்டும், நோட்டரி சீல் ஒன்றுக்கும் உதவாது. கொடுக்கிறவர் வெளிநாட்டில் இருந்தால் நோட்டரி முன்னாலோ இந்தியத் தூதரகத்திலோ கையெழுத்துப் போடலாம்.

உங்கள் ஊர் நோட்டரி எங்கள் ஊர் நோட்டரி மாதிரி இல்லை. அங்கே சட்டப் படிப்பு வேண்டாம், பரீட்சை எழுதி மாநிலத்திடம் நான்கு வருஷத்துக்கு அனுமதி வாங்குவார்கள், நீங்களே நாளைக்கு நோட்டரி ஆகலாம். இங்கே பத்து வருஷம் வக்கீலாக இருந்தவர் செய்யும் வேலையை அங்கே வங்கிக் கவுண்டரில் இருப்பவர் செய்கிறாரே என்று சிரிக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் நோட்டரி 15,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கட்டி வைக்க வேண்டும், அவர் தப்பால் நஷ்டப்பட்டவர் அதிலிருந்து கேட்கலாம். பவர் பத்திரம், நிலப் பத்திரம் என்றால் தன் குறிப்பேட்டில் உங்கள் வலது கட்டைவிரல் ரேகையை வாங்கியாக வேண்டும். எனக்கு இதில் பொறாமைதான். படிப்பை உயர்த்தி வைத்த நாம் ரேகையை விட்டுவிட்டோம். அவர்கள் படிப்பைக் கேட்காமல் ரேகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அபோஸ்டில் முத்திரையும் வாங்கிவிடுங்கள், ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான சான்று அது, அதைக் கொடுப்பது உங்கள் மாநிலச் செயலர் அலுவலகம். அமெரிக்கா, இந்தியா இரண்டும் அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கின்றன, இந்தியாவுக்கு 2005 ஜூலையிலிருந்து. பத்திரம் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் செய்துகொள்வார். தபால் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. கிரயத்தின்போது நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள், கோபப்பட வேண்டாம், செத்தவர் பெயரில் பவர் வைத்து விற்ற கதைகள் நிறைய இருக்கின்றன. இன்னொன்று, வாங்குகிறவர் "பவரையே என் பேரில் எழுதிக் கொடுங்க, கிரயம் அப்புறம் பார்க்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பவர் மூலமாக மட்டும் சொத்து கைமாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் காணி வாங்கியபோது நொத்தாரிசுதான் எல்லாம் செய்தார், உறுதியே அவர்தான் எழுதினார். இந்தியாவில் நோட்டரிக்கு அந்த மதிப்பு ஏன் இல்லை? – டொராண்டோ வாசகர்

ஒரே பெயர், இரண்டு வேறு தொழில். இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு நடந்தால்தான் செல்லும். அவர் உறுதியை, நம் ஊர்ப் பேச்சில் கிரயப் பத்திரத்தை, எழுதி, தன்னிடம் ஒரு படியை வைத்துக்கொண்டு, மாதாமாதம் இன்னொரு படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். 1907-ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவர் கையைக் கட்டியிருக்கிறது. அந்தப் படி தவறாமல் போவதால் உறுதி ஒரு இடத்தில் தொலைந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். இந்தியாவில் அந்த வேலையைச் சார்பதிவாளர் என்கிற அரசு ஊழியரிடம் கொடுத்துவிட்டார்கள், நோட்டரிக்கு மிச்சம் கையெழுத்துக்குச் சாட்சி சொல்வது மட்டும். உங்கள் அப்பாவின் நொத்தாரிசை நினைத்துக்கொண்டு இங்கே நோட்டரி சீல் போட்ட கிரய ஒப்பந்தத்தை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள், புலம்பெயர்ந்தவர்கள் சறுக்குகிற இடம் இது.

பழைய பாண்டு பேப்பர் வீட்டில் இருக்கிறது, ஆறு மாதம் தாண்டினால் செல்லாதாமே? – கும்பகோணம் வாசகர்

செல்லும். ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 1973-லும் 1978-லும் வாங்கிய தாள்களில் 1980-இல் எழுதிய ஒப்பந்தத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. பழைய தாள் சந்தேகத்துக்கு ஒரு காரணமாகலாம், அதனாலேயே செல்லாமல் போகாது. முன்தேதி போட்டு எழுதத்தான் பழைய தாள் தேடுகிறீர்கள் என்றால் என்னிடம் கேட்காதீர்கள்.

நான் வக்கீலாகி ஆறு வருஷம் ஆகிறது. பெண் வக்கீல். நோட்டரி ஆக எத்தனை வருஷம் வேண்டும்? எங்கள் ஊரில் ஒரே ஆள் வருஷக்கணக்கில் நோட்டரியாக இருக்கிறார், இளையவர்களுக்கு வழியே இல்லையா? – சிவகங்கை வாசகி

இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள். பொதுவாகப் பத்து வருஷம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழு. விண்ணப்பத்தில் நீதித்துறை நடுவர், வங்கி மேலாளர், வணிகர், ஊரில் தெரிந்த இருவர் என்று கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். வருஷக்கணக்கில் ஒரே ஆள் என்பது உங்கள் ஊரில் மட்டும் இல்லை. அதனால்தான் மொத்தம் 15 வருஷத்துக்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது என்று 2021-இல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. நான் அதற்கு ஆதரவு. என் நோட்டரி நண்பர்கள் இரண்டு பேர் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீங்கள் வக்கீல் என்பதால் ஒன்று. செக் பவுன்ஸ் என்றாலே 138 என்கிறோமே, காசோலை, பிராமிசரி நோட்டு பற்றிய 1881-ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தில் ஒரு காலத்தில் 138-ஆவது பிரிவு நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரத்தைப் பற்றியது. 1952-இல் தனிச் சட்டம் வந்ததும் அந்த இடம் காலியானது, 1988-இல் திரும்பி வந்த காசோலையைக் கொண்டுவந்து அங்கே குடி வைத்தார்கள். அதற்கும் முன்னால் இங்கே நோட்டரி ஆக இங்கிலாந்தில் காண்டர்பரி ஆர்ச்பிஷப்பின் ஃபேகல்டி நீதிமன்றத்திடம் அனுமதி வாங்கும் வழக்கம் இருந்தது. வங்கி மேலாளர் கையெழுத்துக்கு அலையும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு நோட்டரி அஃபிடவிட் வேண்டும் என்று ஏஜென்ட் பணம் கேட்கிறார். – ஓசூர் வாசகர்

வேண்டாம். 2016 டிசம்பரிலிருந்து விண்ணப்பத்தோடு வைக்கும் இணைப்புகள் எல்லாம் வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடும் உறுதிமொழிதான், நோட்டரியும் வேண்டாம் மாஜிஸ்திரேட்டும் வேண்டாம். ஏஜென்ட்டும்கூடத் தேவையில்லை.